தரகர் முனிராஜ் தூண்டில் பார்க்கப் போனது

நல்லம்பள்ளிச் சந்தையில் முனிராஜ் மாடு பார்க்கிறார் என்றால் முதலில் மாட்டைப் பார்க்க மாட்டார். மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனைப் பார்ப்பார். அவன் வெற்றிலை மென்றுகொண்டு வானத்தைப் பார்த்தால் மாட்டில் எங்கோ கோளாறு. மாட்டின் முதுகில் ஓர் இடத்தையே தடவிக்கொண்டிருந்தால் கோளாறு அந்த இடத்தில். யாரும் கேட்காமலே "ரொம்ப சாதுங்க, கொழந்த கூடப் புடிக்கும்" என்று சொன்னால் அது ஆளைக் கொல்லும் மாடு. இவ்வளவையும் தெரிந்துகொண்ட பிறகுதான் சட்டைக் கையை மடித்துவிட்டு, பல்லை எண்ணி வயது பார்க்க மாட்டின் வாய்க்குள் கையை விடுவார்.

முப்பது வருஷமாகப் பிறத்தியார் மாட்டின் வாயில் கையை விட்டு, அதே கையால் தன் வாய்க்குச் சோறு போட்டுக்கொண்ட மனிதர். நடுவில் கழுவினாரா என்று அவர் மனைவி கலைமதி இன்றைக்கும் கேட்பாள். அவர் இன்றைக்கும் பதில் சொன்னதில்லை.

இந்தப் பார்வை சந்தையோடு நின்றிருந்தால் குடும்பத்துக்கு நல்லதாக இருந்திருக்கும். நிற்கவில்லை. மாப்பிள்ளை பார்க்கக் கூட்டிக்கொண்டு போனால், பையன் சிரிக்கிற வரைக்கும் காத்திருந்து பல்லைப் பார்ப்பார். புதிதாக வந்த பேங்க் மேனேஜரைப் பார்த்துவிட்டு, "ஆறு பல்லு. இன்னும் ரெண்டு வருசம் நல்லா ஒழைப்பான்" என்றார். கோயிலுக்குப் போனால் சாமியிடம் ஒரு நிமிஷம், நந்தியிடம் கால் மணி நேரம். சிற்பி சுழியைத் தப்பான இடத்தில் போட்டுவிட்டான் என்று அர்ச்சகரிடம் சண்டை கட்டிய ஒரே பக்தர் அவர்தான்.

ஆனாலும் அவர் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. இண்டூரிலிருந்து அரூர் வரை ஒரு மாடு கை மாறும்போது, "முனிராஜ் பாத்தாருங்களா?" என்று ஒரு கேள்வி வரும். பார்த்தார் என்றால் அதோடு பேச்சு முடிந்தது. பார்க்கவில்லை என்றால் மாடு பேச ஆரம்பித்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். அவருக்குச் சொத்து என்று இருந்தது ஒரு மொபெட், ஒரு பச்சைத் துண்டு, இந்தக் கேள்வி. மொபெட்டுக்கும் துண்டுக்கும் பெரிய மதிப்பில்லை.

உலகத்திலேயே இந்தக் கேள்வியைக் கேட்காத ஒரே ஆள் அவருடைய மச்சான் மாதவராஜ். கலைமதியின் தம்பி. கனடாவில் கால்கரியில் எஞ்சினியர்.

கல்யாணப் பேச்சு நடந்தபோது மாதவராஜ் சேலத்தில் படித்துக்கொண்டிருந்தான். லீவுக்கு வந்தவன், மாப்பிள்ளை வீட்டார் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போதே, "மாட்டு வாயில கை வுடறவனுக்கா எங்கக்காவக் குடுக்கறீங்க?" என்று அடுப்படியில் கத்தினான். அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்தது ஒரு துணித் திரை. கூடத்தில் எல்லோரும் காப்பியைக் கொஞ்சம் சத்தமாக உறிஞ்சினார்கள். முனிராஜும் உறிஞ்சினார். கல்யாணம் நடந்தது. பிள்ளைகள் பிறந்து, படித்து, ஓசூருக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள். அந்த ஒரு வாய் காப்பி மட்டும் இன்னும் அவர் தொண்டையில் இறங்கவில்லை.

அதற்கேற்ற மாதிரி மாதவராஜும் நடந்துகொண்டார். ஊரில் நிலம் வாங்கினார், யாரையோ கேட்டு வாங்கினார், பாறை. கிணற்றுக்கு மோட்டார் வாங்கினார், யாரையோ கேட்டு வாங்கினார், கிணற்றுக்குள் விழுந்தது. கடைசியில் அம்மாவுக்கு எருமை வாங்கினார். வீட்டிலேயே ஒரு மாட்டுத் தரகர் இருக்க, இன்டர்நெட்டில் பார்த்து வாங்கினார். அந்த எருமை பால் கறக்கப் போன மூன்று பேரை உதைத்துவிட்டு, நான்காவது ஆளிடம் ஒரு டம்ளர் கொடுத்தது. முனிராஜுக்கு வேண்டியது ஒன்றுதான்: "மாமா, நீங்க பாத்துச் சொல்லுங்க" என்று அந்த ஆள் ஒரே ஒருமுறை கேட்க வேண்டும். இவர் பார்த்துச் சொல்ல வேண்டும். அது சரியாக இருக்க வேண்டும். அப்புறம் செத்தாலும் பரவாயில்லை.

போன வைகாசியில் ஒரு சாயங்காலம் களி உருண்டையில் குழி போட்டுக் குழம்பு ஊற்றும் நேரத்தில் போன் வந்தது.

"மாமா, நல்லா இருக்கீங்களா? தண்ணி கொதிக்க வெச்சுக் குடிக்கறீங்களா? அங்க ஏதோ காய்ச்சல்னு நியூஸ்ல பாத்தேன். ஊர்ல யாருக்காவது..."

"மச்சான், எவன் செத்தான்னு நேராச் சொல்லுங்க."

"யாரும் சாகல மாமா. எனக்கு ஒரு உதவி வேணும். ஒண்ணு பாத்துச் சொல்லணும். அங்க பக்கத்துல வேற ஆளு இல்ல, அதான்..."

'வேற ஆளு இல்ல' என்ற பகுதி முனிராஜ் காதில் விழவே இல்லை. களி உருண்டையைத் தள்ளிவைத்துவிட்டுக் கையைக் கழுவினார். கலைமதி வாயைத் திறந்தபடி பார்த்தாள். முப்பது வருஷத்தில் அவர் கை கழுவியதை அவள் நேரில் பார்த்தது அன்றைக்குத்தான்.

விஷயம் என்னவென்றால் மீன். மாதவராஜுக்கு ரத்தக்கொதிப்பு. டாக்டர் தண்ணீர் பக்கமாகப் போய் ஏதாவது அமைதியாகச் செய்யச் சொல்லியிருக்கிறார். அவர் மீன் பிடிக்க ஆரம்பித்தார். அதிலும் நம் ஊர் மாதிரி மண்புழுவைக் கோத்து விட்டுவிட்டுத் தூங்குகிற சோலி இல்லை. இறகால் செய்த பொய் ஈயை முள்ளில் கட்டி, கோலைத் தலைக்கு மேலே முன்னும் பின்னும் வீசி, தண்ணீரில் நிஜ ஈ உட்காருகிற மாதிரி உட்கார வைக்க வேண்டும். மீன் நம்ப வேண்டும். ஈ சரியாக உட்கார்ந்ததா, பக்கத்து ஆள் கோல் நம் கோலைவிட நல்லதா என்ற கவலையில் அவருக்கு ரத்தக்கொதிப்பு இன்னும் ஏறிவிட்டது.

"இப்ப வர்ற கார்பன் ராடெல்லாம் சுளீர்னு போகுது மாமா. நாம யோசிக்கறதுக்குள்ள அது வீசி முடிச்சிடுது. அம்பது வருசத்துக்கு முன்னாடி ஃபைபர் கிளாஸ்ல பண்ணாங்க. அது நிதானமா வளையும், நிதானமா நிமிரும். நமக்கு டைம் குடுக்கும். இப்ப அதுக்குத்தான் எல்லாரும் அலையறாங்க."

"ரேஸ் மாட்டுக்கும் ஏர் மாட்டுக்கும் இருக்கற வித்தியாசம்" என்றார் முனிராஜ்.

மாதவராஜ் கொஞ்சம் திகைத்தார். "ஆமா... அப்படித்தான்."

"புடிச்ச மீன வறுப்பீங்களா, கொழம்பா?" என்று கலைமதி நடுவில் நுழைந்தாள்.

"சாப்பிட மாட்டோம்க்கா. புடிச்சிட்டுத் தண்ணியிலயே வுட்டுடுவோம்."

"வுடறதுக்கு எதுக்குடா புடிக்கற? அது சும்மாதான இருந்துச்சு?"

மாதவராஜ் பேச்சை மாற்றினார். தர்மபுரியில் அப்துல் சுபான் என்று ஒருவர் பழைய சாமான் கடை வைத்திருக்கிறார். அவர் மகள் அன்ஜும், கடைச் சாமான்களைப் படம் எடுத்து இன்டர்நெட்டில் போடுகிறாள். ஏற்காட்டில் ஒரு பழைய எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது வந்ததில் மூன்று ஃபைபர் கோல்கள் இருக்கின்றன. பெங்களூர்க்காரன் எவனாவது தூக்கிக்கொண்டு போவதற்குள் நல்லதாக ஒன்றை எடுக்க வேண்டும். ஆடியில் ஊருக்கு வரும்போது அவர் கொண்டுபோவார். எப்படிப் பார்ப்பது என்று அன்றிலிருந்து குரல் செய்திகள் வந்து குவிந்தன. கோல் இரண்டு துண்டாக இருக்கும், இரண்டும் ஒரே நீளமா பாருங்க. சேர்த்து ஆட்டினால் மூட்டில் சத்தம் வரக் கூடாது. விரிசல் இருந்தால் வெள்ளையாகத் தெரியும். பளபளப்பை நம்பாதீங்க. கடைசிச் செய்தி இது: "உங்களுக்குப் புரியலன்னா பரவால்ல மாமா. போட்டோ மட்டும் எடுத்து அனுப்புங்க, நானே பாத்துக்கறேன்."

முனிராஜ் அந்தச் செய்திக்கு மட்டும் பதில் அனுப்பினார். "போட்டோவுல பாத்துதான் எருமை வாங்குனீங்க."

சுபான் பாயின் கடை பென்னாகரம் ரோட்டில். உள்ளே சினிமாக் கொட்டகை நாற்காலிகள், வெள்ளைக்காரன் குளித்த தொட்டி, மணி அடிக்காத கடிகாரங்கள். நடுவில் ஒரு பழைய பல் டாக்டர் நாற்காலி. எட்டு வருஷமாக விற்காததால் பாய் அதிலேயே சாய்ந்து படுத்துக்கொண்டு வியாபாரம் பார்ப்பார். முனிராஜ் உள்ளே நுழைந்தபோது பாய் அண்ணாந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். முனிராஜ் தன்னையறியாமல் பார்த்துவிட்டார். முழுப் பல். நம்பலாம்.

"கனடா அங்கிள் அனுப்புன ஆளா?" என்று அன்ஜும் மூன்று கோல்களையும் மேசையில் வைத்தாள். பி.காம் முடித்த பெண். அப்பா படுத்திருக்க, கடையை நிஜமாக நடத்துவது அவள்தான்.

முதல் கோல் சிவப்பு. கண்ணாடி மாதிரி மின்னியது. முனிராஜ் அதைத் தொடாமல் ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"கொம்புக்கு எண்ணெ தடவிச் சந்தைக்குக் கொண்டாந்தாப்பல இருக்குதே பாய்."

"லேசா வார்னிஷ் அடிச்சோம். பழசுக்கு ஒரு மரியாத வேணாமா?"

முனிராஜ் கோலை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பினார். நூல் சுற்றிய இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை மயிரிழை. அவர் வீட்டு மாடியில் இருக்கும் ஃபைபர் தொட்டியும் உடைவதற்கு முன்னால் இப்படித்தான் வெளுத்தது. கோலைக் கொண்டுவந்து வைத்தார். பாய் கடிகாரங்களைப் பார்த்தார்.

இரண்டாவது பச்சை. இரண்டு துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்தார். நுனித் துண்டு இரண்டு விரற்கடை குட்டை.

"வால் அறுந்தது. அறுந்ததுக்கு மேல குஞ்சம் கட்டியிருக்கீங்க."

"எப்பவோ நுனி ஒடஞ்சிருக்கும் அங்கிள். அதான் அதுக்கு ரேட் கம்மி" என்றாள் அன்ஜும்.

"மூணு காலு மாட்டுக்குக் கூட ரேட்டு கம்மிதாம்மா."

மூன்றாவது கோல் வெல்ல நிறம். அழுக்கு. பிடியில் தக்கை கறுத்துப்போயிருந்தது; எந்த வெள்ளைக்காரனின் கை வேர்வையோ. நூல் கட்டுகளில் இரண்டு பிரிந்திருந்தன. நீளம் சரி. அடியில் பிடிக்குக் கீழே கறுப்பாக ஓர் உருளை, அதில் இளம்பச்சைக் கயிறு சுற்றியிருந்தது. கோலைச் சேர்த்தார், காதருகே வைத்து ஆட்டினார். சத்தம் இல்லை. பிறகு, பார்த்தே இராத ஒன்றைச் செய்கிற துணிச்சலோடு, தலைக்கு மேலே வீசினார். நுனி மின்விசிறியை ஒரு தட்டுத் தட்டி, சுபான் பாயின் குல்லாவைத் தூக்கி, குளியல் தொட்டிக்குள் போட்டது.

"யா அல்லா!"

"மன்னிச்சுக்குங்க பாய். உசுரு இருக்குதான்னு பாத்தேன்."

இருந்தது. வளைவு நுனியிலிருந்து அவசரமில்லாமல் இறங்கி, கோல் முழுக்க நடந்து, அவர் உள்ளங்கைக்கு வந்து சேர்ந்து, அதே வழியாகத் திரும்பிப் போனது. கேட்ட கேள்விக்கு யோசித்துப் பதில் சொல்கிற ஆள் மாதிரி. ஆனாலும் உள்ளுக்குள் அவருக்கு ஒரு சந்தேகம். இது நல்ல கோலா, அல்லது நல்ல கோல் என்று தனக்குத் தோன்றுகிறதா? மாடாக இருந்தால் சாணியைப் பார்த்தாவது உறுதிப்படுத்தலாம். இது சாணியும் போடாது. கண்ணை மூடிக்கொண்டு, "இதான்" என்றார்.

விலை பேசத் துண்டை எடுத்தார். சுபான் பாயின் அப்பா காலத்தில் அவர்களுக்குத் தோல் வியாபாரம். துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசுவது பாய்க்கும் தெரியும். இரண்டு பேரும் பச்சைத் துண்டுக்குள் கையைக் கொடுத்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ரோட்டில் போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அப்பா, ரேட்டு ஆன்லைன்லயே போட்டிருக்கேன்" என்றாள் அன்ஜும்.

யாரும் அவளைக் கவனிக்கவில்லை. துண்டு கொஞ்ச நேரம் நெளிந்தது. பாய் ஒருமுறை பல்லைக் கடித்தார். முனிராஜ் ஒருமுறை இருமினார். துண்டு விலகியது. முடிந்தது.

அப்புறம் முனிராஜ் செய்த காரியத்தை இந்த மாவட்டத்தில் எந்த மாட்டுத் தரகரும் செய்திருப்பார். கோலிலிருந்து உருளையைக் கயிற்றோடு கழற்றினார். தலைப்பை ஒழுங்காகச் சுற்றினார். இரண்டு கையாலும் பாயிடம் நீட்டினார்.

"கயிறு உங்களுதுங்க பாய்."

மாட்டைத்தான் விற்பார்கள். கயிற்றை விற்க மாட்டார்கள். விற்றவன் வீட்டு ராசி அதில் இருக்கிறது. அடுத்து வருகிற மாட்டை அவன் அதில் கட்ட வேண்டும். வாங்கினவன் தன் கயிற்றைத்தான் கொண்டுவர வேண்டும். தெரியாத்தனமாகக் கயிற்றோடு ஓட்டிக்கொண்டு போனவனைச் சந்தையில் பத்து வருஷம் பேசுவார்கள்.

சுபான் பாய் பல் டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றே விட்டார். "அண்ணே... இந்தக் காலத்துல யாருங்க இதெல்லாம் பாக்கறாங்க?"

"அங்கிள், அது செட்டு..." என்று அன்ஜும் ஆரம்பித்தாள்.

"சும்மா இரும்மா. பெரிய மனுசன் மரியாத பண்றாரு, குறுக்கப் பேசற."

சாயங்காலம் வீட்டில் வீடியோ கால். கலைமதி போனைப் பிடித்தாள், முனிராஜ் கோலைக் காட்டினார். நுனி, மூட்டு, பிடி. மாதவராஜ் திரைக்குள் முகத்தை நுழைத்துவிடுவார் போலப் பார்த்தார். இரண்டு துண்டையும் சேர்த்து நீளம் காட்டச் சொன்னார், ஆட்டிக் காட்டச் சொன்னார். மற்ற இரண்டையும் ஏன் விட்டார் என்று கேட்டு, வார்னிஷ் கதையையும் வால் கதையையும் கேட்டுச் சிரித்தார்.

"மாமா! எனக்கு அனுப்புன போட்டோவுல அந்த வெள்ளக் கோடு தெரியவே இல்ல. நான் அந்தச் செவப்பத்தான் எடுக்கலாம்னு இருந்தேன். சூப்பர் மாமா!"

முனிராஜ் தொண்டையில் ஏதோ மெல்ல இறங்க ஆரம்பித்தது.

"சரி, ரீலக் காட்டுங்க."

"எது?"

"கீழ இருக்குமே மாமா, ரவுண்டா. லைன் சுத்தியிருக்கும்."

"அந்தக் கயிறா? அத பாய்கிட்டக் குடுத்துட்டனே."

"...ஏன்?"

முனிராஜ் காரணத்தைச் சொன்னார். கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். திரையில் மாதவராஜின் முகம் அசையாமல் நின்றது. நெட் போய்விட்டது என்று கலைமதி போனைத் தட்டினாள். நெட் நன்றாகத்தான் இருந்தது.

"மாமா, அது கயிறு இல்ல. கோலுக்கும் ரீலுக்கும் ஒரே கம்பெனி, ஒரே வருசம். அம்பது வருசமா ஒண்ணாவே இருந்திருக்கு. அப்படி ஜோடியாக் கெடைக்கறதுதான் அபூர்வம். கிளப்புல எல்லாருக்கும் போட்டோ போட்டுட்டேன். கோல விட ரீலுதான்..." மூச்சு வாங்கிக்கொண்டார். குரல் தாழ்ந்தது. "அக்கா, நான் அன்னைக்கே சொன்னேன்."

கலைமதி போனை அணைத்துவிட்டாள்.

அன்று இரவுக் களி அப்படியே இருந்தது. மறுநாளும் முனிராஜ் சந்தைக்குப் போகவில்லை. முருங்கை மரத்தடியில் உட்கார்ந்து கோலை வீசிக்கொண்டிருந்தார். கோழிகள் மட்டும் ஈ என்று நினைத்து ஒவ்வொரு வீச்சுக்கும் அண்ணாந்து பார்த்தன.

"போயி பாய்கிட்டக் கேட்டு வாங்கிட்டு வந்துடுங்களேன்" என்றாள் கலைமதி.

"குடுத்த கயித்தத் திருப்பிக் கேட்டா நான் தரகனே இல்ல."

"அப்பக் கேக்காதீங்க."

"கேக்கலன்னா ஒந்தம்பிக்கு நான் மனுசனே இல்ல."

"அவனுக்கு என்னிக்கு நீங்க மனுசனா இருந்தீங்க? எதையாவது பண்ணிட்டு வந்து தின்னுங்க. கோழி முட்ட போட மாட்டேங்குது, பயந்துபோயி."

சாயங்காலம் கோலைத் துணியில் சுற்றி மொபெட்டில் கட்டிக்கொண்டு தர்மபுரிக்குக் கிளம்பினார். எதற்கு என்று அவருக்கே தெரியாது.

கடைக்குள் நுழைந்ததும் அதிர்ச்சி. பல் டாக்டர் நாற்காலி இல்லை. பாய் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேலே ஆணியில் உருளை தொங்கியது. அதற்குச் சாம்பிராணிப் புகை போட்டிருந்தது.

"வாங்கண்ணே! உங்க கை ராசி! எட்டு வருசமா ஈ கூட மொய்க்காத நாற்காலி, இன்னிக்குக் காலையில வித்துப் போச்சு. பாலக்கோட்டுல ஒரு சலூன்காரரு. கயித்த மாட்டுன மறுநாளு!"

டீ வந்தது. முனிராஜ் மழை பற்றிப் பேசினார். மாம்பழம் பற்றிப் பேசினார். இரண்டாவது டீ வந்தது. உருளையைப் பார்க்காமல் பேசுவது, வீட்டுக்குள் நிற்கும் யானையைப் பார்க்காமல் பேசுவது மாதிரி இருந்தது.

அன்ஜும் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அப்பா, இவரு எதுக்கு வந்திருக்காருன்னு எனக்குத் தெரியும்" என்று போனைக் காட்டினாள். மாதவராஜ் காலையிலேயே கடைக்கு நேரடியாகச் செய்தி அனுப்பியிருந்தார். ரீல் இன்னும் இருக்கிறதா, தனியாக விலை என்ன, எவ்வளவு கேட்டாலும் தருகிறேன், முனிராஜிடம் சொல்ல வேண்டாம்.

சுபான் பாய் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். முகத்தில் இருந்த சிரிப்பும் கூடவே கழன்றது.

"கயித்துக்கு வெல பேசறாருங்களே உங்க மச்சான்."

"எனக்குத் தெரியாதுங்க பாய்."

"நீங்க கையில குடுக்கறீங்க, பின்னாடியே அவரு காசு கொண்டாராரு. வெளிய யாரு கேட்டாலும் என்ன நெனைப்பாங்க? ரெண்டு பேரும் பேசி வெச்சு என்னக் கயிறு விக்கறவனாக்கறாப்பல இல்ல?"

அவர் அதைச் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சத்தம் போட்டிருந்தால் முனிராஜும் பதிலுக்குச் சத்தம் போட்டிருக்கலாம். முப்பது வருஷமாக யாரும் அவரிடம் இந்த வார்த்தையைச் சொன்னதில்லை. கோல் சுற்றிய துணியைப் பிரித்தார். கோலை மேசைமேல் வைத்தார்.

"யாவாரமே வேணாங்க பாய். கோலு உங்களுது, கயிறும் உங்களுது. எம்பேச்சு மட்டும் எனக்குத் திருப்பிக் குடுத்துடுங்க."

"வித்தத நான் திருப்பி வாங்க மாட்டேன்."

"நான் கோலுக்காக வரலீங்க."

"தெரியுது. அதுக்காக நான் வாங்கணுமா?"

இரண்டு பேரும் கோலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது யாருக்கும் வேண்டாத பெண் மாதிரி மேசையில் கிடந்தது. அப்போதுதான் முனிராஜ் மூளையில் சந்தைப் பக்கத்து ஜன்னல் ஒன்று திறந்தது.

"பாய். விக்க வேணாம். வாரத்துக்கு வுடுங்க."

"என்னது?"

"மாட்ட வாரத்துக்கு வுட்டா கயித்தோடதான போகுது?"

போகும். வாரம் என்றால் விற்பனை இல்லை. மாடு ஒருவருடையது; வளர்ப்பது இன்னொருவர்; கன்று போட்டால் பங்கு. விற்காததால் கயிற்றைக் கழற்ற வேண்டியதும் இல்லை. மாடும் கயிறும் ராசியும் எங்கே மேய்ந்தாலும் சொந்தக்காரனுடையதுதான். பாய் காசைத் திருப்பிக் கொடுப்பார். கோலும் உருளையும் பாயின் பெயரிலேயே கால்கரிக்குப் போகும். மாதவராஜ் வளர்ப்பார்.

பாய் தாடியைச் சொறிந்தார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை என்பது அவருக்கும் புரிந்தது. "அது சரி, கன்னுக்குட்டி? இது என்னத்தப் போடும்?"

"மீனுல பாதி?" என்றார் முனிராஜ். சொன்ன பிறகுதான் மச்சான் மீனைத் திரும்ப ஆற்றில் விட்டுவிடுவது ஞாபகம் வந்தது.

"மீன் வேணாம் அங்கிள்" என்றாள் அன்ஜும். "அவரு கிளப்புல பழைய ராடு வாங்கற ஆளுங்க எத்தன பேரு இருப்பாங்க? குடோன்ல அந்த பங்களா சாமான் இன்னும் பிரிக்காமக் கெடக்குது. வருசத்துக்கு ரெண்டு பார்ட்டி அவரு அனுப்பட்டும். அதான் கன்னுக்குட்டி."

இவளை நான்கு பல் இளசு என்று எடை போட்டது தப்பு என்று முனிராஜ் நினைத்துக்கொண்டார்.

பாய் சம்மதித்தார். ஆனால் ஆளைப் பார்க்காமல் வாரத்துக்கு விட அவர் தயாராக இல்லை. முனிராஜ் வீடியோ கால் போட்டார். கால்கரியில் விடிந்துகொண்டிருந்தது. சிவப்புக் கம்பளிக் குல்லாவும் கோடு போட்ட பைஜாமாவுமாக மாதவராஜ் அடுப்படி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மாமாவையும் பக்கத்தில் பாயையும் பார்த்ததும், தான் அனுப்பிய செய்தி ஞாபகம் வந்து, முகம் குல்லா நிறத்துக்குப் போனது.

"மாமா, அது வந்து..."

"அத வுடுங்க மச்சான். பாய் கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க" என்று முனிராஜ் வாரத்தை விளக்கினார். மாதவராஜுக்குப் பாதி புரிந்தது. ரீல் வரும் என்ற பாதி.

"வூட்ல எத்தன பேருங்க?" என்றார் பாய்.

"நானும் என் மிஸஸும்தான்."

"வெளிய கட்டுவீங்களா, உள்ளயா?"

"உள்ளதாங்க. ஹீட்டர் ஓடும்."

"ஓவரா சூடு ஆகாதா?"

"இல்லீங்க, டெம்பரேச்சர் கரெக்டா... நான் டெய்லி செக் பண்ணுவேன்."

"வேற எத்தன வெச்சிருக்கீங்க?"

மாதவராஜ் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஒரு மூணு, நாலு..."

"பதினொண்ணு!" என்று படுக்கையறைப் பக்கமிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

பாய் போனிலிருந்து முகத்தை எடுத்தார். இனி அவரிடம் கேட்பதில் பயனில்லை என்பது போல முனிராஜ் பக்கம் திரும்பினார்.

"எனக்கு இவரத் தெரியாது. மெசேஜ் போட்ட லட்சணத்த வெச்சுப் பாத்தா குடுக்கவே கூடாது. நீங்க பாத்துச் சொல்லுங்கண்ணே. நீங்க சொன்னாக் குடுக்கறேன்."

போனில் மாதவராஜ் அப்படியே இருந்தார். முப்பது வருஷத்தில் முதல்முறையாக அவர் முனிராஜின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முனிராஜ் அவசரப்படவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டார். போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார்.

"மச்சான், எந்திரிச்சு நில்லுங்க."

"எதுக்கு மாமா?"

"நில்லுங்க."

மாதவராஜ் நின்றார்.

"போன அங்க எதுலயாவது சாத்தி வெச்சுட்டு, அந்தக் கோடி வரைக்கும் நடந்துட்டு வாங்க."

மாதவராஜ் போனை மாவு டப்பாவில் சாத்திவைத்துவிட்டு, ஃபிரிட்ஜ் வரைக்கும் நடந்தார்.

"திரும்புங்க. மெதுவா. தலைய நிமித்துங்க."

திரும்பினார். நிமிர்ந்தார். பைஜாமா ஒரு பக்கம் இறங்கியிருந்தது. அன்ஜும் துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு கடிகாரங்களுக்குப் பின்னால் போய்விட்டாள். சுபான் பாய் கண் சிமிட்டாமல் பார்த்தார். முனிராஜும்தான். ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். கோல் இங்கேயே நிற்கும், கால்கரி கிளப்பில் ஒருவர் ஆயுசுக்கும் வெட்கப்படுவார். அந்த வார்த்தை நாக்கின் நுனி வரை வந்து, வெல்ல நிறக் கோலில் வளைவு இறங்கியது போல, நிதானமாகத் திரும்பிப் போனது. பார்த்ததைத்தான் சொல்ல வேண்டும்.

"மெரளும் பாய்" என்றார். "சத்தம் கேட்டாலும் மெரளும், கேக்கலன்னாலும் மெரளும். பொறவிக் கோளாறு, மாத்த முடியாது. புத்தி கொஞ்சம் மட்டம். பளபளப்பாப் பாத்தா அங்க ஓடும். ஆனா கள்ளம் கெடையாது. கையில குடுத்தத வீணடிக்காது. ராத்திரியெல்லாம் முழிச்சுக் கெடந்து பாத்துக்கும். குடுக்கலாம்."

"நீங்க பாத்துட்டீங்களா?"

"பாத்துட்டேன்."

சுபான் பாய் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. ஸ்டூலின்மேல் ஏறி ஆணியிலிருந்து உருளையை எடுத்தார். புகையை ஊதினார். கோலில் தானே மாட்டி, வளையத்தை இறுக்கி, முனிராஜ் கையில் கொடுத்தார்.

போனில் மாதவராஜ் இன்னும் ஃபிரிட்ஜ் பக்கத்தில் விறைத்துக்கொண்டு நின்றார்.

"மாமா," என்றார், "இப்ப உக்காரலாங்களா?"